எதிரொலி வேண்டல்: 'பிங்' என்னும் வலையமைப்புச் சோதனை

கண்ணாற் காணவியலாத இடத்தில் ஒரு பொருள் உண்டா இல்லையா என்பதனை அறிதற்கு மனிதன் கண்ட வழிகளுள் மிகப் பழையது கூவி விடையெதிர்பார்த்தல். இருளில் வேலிக்கப்பால் நிற்பவனைப் பெயர் சொல்லி அழைப்பவனும், கிணற்றின் ஆழம் அறியக் கல்லை இட்டு ஒலிக்குக் காத்திருப்பவனும் செய்வது இதுவேயாம். கணினி வலையமைப்புக்களில் இத்தொழிலைச் செய்யும் சிறு நிரல் 'பிங்' எனப் பெயர்பெறும். கட்டளைச் சாளரத்தில் அப்பெயரையும் அதனை அடுத்து ஒரு முகவரியையும் தட்டெழுதினால், சேய்மையிலுள்ள அக்கணினியிடமிருந்து விடை வந்ததா, வந்ததாயின் எவ்வளவு காலத்தில் வந்தது என்னும் செய்திகள் வரிவரியாகத் தோன்றும். இத்துணை எளிய கருவி வலையமைப்புத் துறையில் வேறொன்றில்லை. இத்துணைப் பிழையாகப் பொருள்கொள்ளப்படுவதும் வேறொன்றில்லை எனலாம். விடை வந்தால் நிறுவப்படுவது யாது, விடை வாராவிடின் நிறுவப்படுவது யாது என்பன வெவ்வேறு வினாக்கள். முன்னதற்குத் தெளிவான விடை உண்டு. பின்னதற்கு அத்தகைய விடை இல்லை. இவ்வேறுபாட்டை உணராமையே பல மணிநேர வீணுழைப்புக்குக் காரணமாகின்றது.

இந்நிரலை ஆக்கியவர் மைக்கேல் மூஸ் என்பவர். 1958ஆம் ஆண்டு பிறந்த இவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேரிலாந்து மாநிலத்தில் அபர்டீன் என்னுமிடத்திலிருந்த தரைப்படையின் எறிபடை ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். 1983ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியே ஆர்ப்பாநெற் என்னும் பெருவலையமைப்பு, இன்று இணையம் முழுவதும் வழங்கும் நெறிமுறைகளுக்கு மாறியது. புதிய ஒழுங்கு இன்னும் நிலைபெறாத காலம் அது. அவ்வாண்டு யூலை மாதத்தில் நோர்வே நாட்டில் நிகழ்ந்த ஒரு கூட்டத்தில் டேவிட் மில்ஸ் என்னும் அறிஞர், 'பஸ்போல்' எனச் செல்லப்பெயரிடப்பட்ட தம் சிறு கணினிகளைக் கொண்டு, எதிரொலிப் பொதிகளை அனுப்பி வழியின் தாமதத்தை அளந்த முறையை எடுத்துரைத்தார். திசெம்பர் மாதத்தில் தம் ஆய்வுகூடத்து வலையமைப்பு விநோதமாக நடந்துகொள்வதைக் கண்ட மூஸ், மில்ஸ் கூறியதை நினைவுகூர்ந்து, ஒரே மாலைப்பொழுதில் ஏறக்குறைய ஆயிரம் வரிகள் கொண்ட இந்நிரலை எழுதி முடித்தார். இயங்குதளத்தின் கருப்பகுதியிலும் அதற்கு வேண்டிய மாற்றங்களை அவரே செய்தார். அவையெல்லாம் முடிந்து நிரல் ஓடத் தொடங்கியபோது, அதனை எழுதத் தூண்டிய பழுது பிறிதொருவராற் சீர்செய்யப்பட்டுவிட்டது என்பது நகைப்புக்குரிய செய்தி. இதுவே தம் வாழ்நாளின் புகழ்பெற்ற ஆக்கமாகும் என்று முன்னரே தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் செலவிட்டுச் சில வசதிகளைச் சேர்த்திருக்கலாம் என மூஸ் பிற்காலத்தில் வேடிக்கையாக எழுதினார். அவர் 2000ஆம் ஆண்டு நவம்பரில் வீதி விபத்தொன்றில் உயிர்நீத்தார். முப்பரிமாண உருவமைப்புக்கென அவர் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய பெரிய மென்பொருளை அறிந்தோர் சிலர். ஒரு மாலையில் எழுதிய இச்சிறு நிரலை அறியாதார் அத்துறையில் எவருமிலர்.

பெயர்க்காரணம் கடலோடு தொடர்புடையது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவி, நீரினூடே ஓர் ஒலித்துடிப்பை விடுத்து, அது பொருளிற் பட்டு மீள்வதற்குச் சென்ற காலத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கும். அத்துடிப்பின் ஓசையே 'பிங்'. கல்லூரிக் காலத்தில் இக்கருவியின் இயல்பைக் கற்றிருந்த மூஸ், அவ்வோசையையே தம் நிரலுக்குப் பெயராக்கினார். பின்னர் மில்ஸ் அப்பெயரின் எழுத்துக்களை முதலெழுத்துக்களாகக் கொண்டு ஒரு விரிவை அமைத்தார். அது பெயருக்குப் பின் வந்த விளக்கமேயன்றிப் பெயரின் மூலம் அன்று. பாடநூல்கள் சில இவ்விரிவையே மூலமெனக் கூறுதல் பொருந்தாது.

உவமை நன்றாயினும் ஓரிடத்தில் அது வழுவுகின்றது. கடலில் ஒலி மீள்வது கப்பலின் விருப்பத்தால் அன்று. இரும்பு தானே ஒலியைத் திருப்புகின்றது. வலையமைப்பிலோ எதிரொலி தானாக எழுவதில்லை. மறுமுனையிலுள்ள கணினி வேண்டுகோளைப் படித்து, விடையொன்றை ஆக்கி, அனுப்ப உடன்பட்டாலன்றி யாதும் மீளாது. ஆகவே இது மலையின் எதிரொலியன்று. அழைப்புக்கு ஒருவர் குரல்கொடுத்தலை ஒத்தது. விடையின்மையைப் பற்றிய மயக்கமெல்லாம் இங்கேதான் தொடங்குகின்றது.

விடையளிக்கும் கடமை ஒரு நெறிமுறையால் விதிக்கப்பட்டுள்ளது. இணையத்தில் ஒவ்வொரு செய்தியும் சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பொதியின் தலையிலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் எழுதப்பட்டுச் செல்கின்றது. இதனை வகுப்பது ஐ.பி. நெறிமுறை. இந்நெறிமுறை பொதியைச் சேர்ப்பிக்க முயலுமேயன்றிச் சேர்த்ததாக உறுதி கூறாது. வழியில் நேரும் இடையூறுகளை அறிவித்தற்கு அதனோடு இணைந்து ஐ.சி.எம்.பி. என்னும் நெறிமுறை ஏற்பட்டது. இவ்விரண்டையும் விளக்கும் 791, 792 என்னும் இலக்கமுடைய ஆவணங்கள் ஜோன் பொஸ்ரல் என்பவரின் பதிப்பாக 1981ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வெளியாயின. இடையூறு அறிவிக்கும் செய்திகளோடு 'எதிரொலி வேண்டல்', 'எதிரொலி விடை' என்னும் இரண்டும் அதில் இடம்பெற்றன. 1989ஆம் ஆண்டு வெளியான 1122ஆம் ஆவணம் ஒவ்வொரு கணினியும் வேண்டலுக்கு விடையளிக்கும் ஆற்றலைக் கட்டாயம் உடையதாயிருத்தல் வேண்டும் என்று விதித்தது. எனவே மூஸ் செய்தது புதிய மொழியொன்றை வகுத்ததன்று. முன்னரே எல்லாக் கணினிகளுக்கும் தெரிந்திருந்த ஒரு வினாவைக் கேட்பதற்கு வாய் ஒன்றைத் தந்ததேயாம்.

அவ்வினாவின் அமைப்பு மிகச் சுருங்கியது. முதல் எட்டுப் பிற்றுக்கள் செய்தியின் வகையைக் குறிக்கும். வேண்டலாயின் 8, விடையாயின் 0. அடுத்த எட்டுப் பிற்றுக்கள் உட்பிரிவைக் குறிப்பவை. இங்கு எப்பொழுதும் 0. பின்வருவன பதினாறு பிற்றுக்கள் கொண்ட மூன்று எண்கள்: சரிபார்ப்பெண், அடையாள எண், தொடரெண். இவ்வாறு தலைப்பகுதி எட்டுப் பைற்று ஆகின்றது. அதன்பின் அனுப்புநர் விரும்பிய தரவு அமையும். அடையாள எண் ஏன் வேண்டும் எனின், ஒரே கணினியில் இருவர் ஒரே வேளையில் இச்சோதனையை நடத்தினால் யாருக்குரிய விடை எது என்று பிரித்தறிதற்காம். தொடரெண் ஒவ்வொரு வேண்டலுக்கும் ஒன்றாக ஏறிச்செல்லும்; இடையில் ஓர் எண் காணாமற்போயின் அப்பொதி தொலைந்ததென்றும், ஓரெண் இருமுறை வந்தால் வழியில் எங்கோ அது இரட்டித்ததென்றும் அறியலாம்.

சரிபார்ப்பெண்ணைக் கணிக்கும் முறை பாடசாலைக் கணிதத்துக்கு எட்டியதே. தரவு யாதுமற்ற வேண்டலொன்றை எடுத்துக்கொள்க. அடையாள எண் 1, தொடரெண் 1 என்க. வகையும் உட்பிரிவும் சேர்ந்த முதற் பதினாறு பிற்றுக்களை ஓர் எண்ணாக வாசித்தால் 2048 ஆகும், எட்டை 256ஆற் பெருக்குதலின். 2048, 1, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 2050. பதினாறு பிற்றுக்களில் எழுதத்தக்க மிகப்பெரிய எண் 65,535. அதிலிருந்து 2050ஐக் கழிக்க எஞ்சும் 63,485 என்பதே சரிபார்ப்பெண். பெறுபவர் எல்லாவற்றையும் மீளக் கூட்டும்போது 65,535 வருதல் வேண்டும். வாராவிடின் பொதி வழியிற் பழுதுற்றது என்று கொண்டு அதனை எறிந்துவிடுவார். தரவு மிகுதியாகிக் கூட்டுத்தொகை 65,535ஐ மிஞ்சினால், மிஞ்சிய பகுதியைத் திரும்ப இறுதியிற் கூட்டிக்கொள்வது மரபு. விடை ஆக்குபவர் வகையை 8இலிருந்து 0 ஆக்குவதால் கூட்டுத்தொகை 2048ஆற் குறைந்து 2 ஆகும். சரிபார்ப்பெண் அவ்வளவால் ஏறி 65,533 ஆகும். வேறொன்றும் மாறவேண்டுவதில்லை. இம்முறையில் ஒரு குறையும் உண்டு: பதினாறு பிற்றுத் தொகுதிகள் இரண்டு தம்முள் இடம்மாறினாலும் கூட்டுத்தொகை மாறாதாகையால் அப்பழுது அகப்படாது. எளிமைக்குக் கொடுத்த விலை அது.

காலத்தை அளக்கும் முறையில்தான் இந்நிரலின் நுட்பம் விளங்குகின்றது. புறப்பட்ட நேரத்தை ஒரு கணினியும் சேர்ந்த நேரத்தை மற்றொரு கணினியும் குறித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பதாயின், இரண்டு மணிக்கூடுகளும் ஆயிரத்தொரு செக்கன் அளவுக்குக்கூட வேறுபடாதிருத்தல் வேண்டும். அது எளிதன்று. இரு கணினிகளின் மணிக்கூடுகளை ஒத்திசையச் செய்வதற்கான நெறிமுறையை வகுப்பதில் அதே டேவிட் மில்ஸ் பல பத்தாண்டுகளைச் செலவிட்டார் என்பதே அதன் அருமையை உணர்த்தும். மூஸ் எழுதிய நிரலோ அச்சிக்கலைத் தொடவேயில்லை. புறப்படும் நேரத்தை அது பொதியின் தரவுப் பகுதியிலேயே எழுதிவிடுகின்றது. பெற்ற தரவை ஓரெழுத்தும் மாற்றாது திருப்பியனுப்புதல் வேண்டும் என்பது நெறிமுறையின் விதியாதலால், விடை திரும்பும்போது புறப்பட்ட நேரமும் அதனுடனே வந்து சேர்கின்றது. வந்தவுடன் தன் மணிக்கூட்டைப் பார்த்துக் கழித்தாற் போதும். அளப்பது ஒரே மணிக்கூடு; ஆகவே அது உலக நேரத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தியிருப்பினும் கணக்குப் பிழையாது. எந்தப் பொதி எப்பொழுது புறப்பட்டது என்று பட்டியல் வைத்திருக்கும் தொல்லையும் நீங்கிற்று. கடிதத்தின் உள்ளேயே அஞ்சலிட்ட நேரத்தை எழுதி, அதனை அப்படியே திருப்பியனுப்புமாறு கேட்பதை இது ஒக்கும்.

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இந்நிரல் வழக்கமாக 56 பைற்றுத் தரவை அனுப்பும். தலைப்பகுதி எட்டும் சேர 64, ஐ.பி. தலைப்பகுதி இருபதும் சேர 84. வின்டோஸ் இயங்குதளத்தில் தரவு 32 பைற்று; அது ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துக்களை வரிசையாக இட்டு நிரப்புகின்றது. முன்னது நிறுத்தும்வரை செக்கனுக்கொன்றாக அனுப்பிக்கொண்டேயிருக்கும். பின்னது நான்கு அனுப்பித் தானே ஓய்ந்துவிடும். முதற் பொதி ஏனையவற்றிலும் காலந்தாழ்த்தி வருவதையோ, சில கருவிகளில் முதலொன்று மட்டும் தொலைவதையோ மாணவர் காணலாம். ஒரே கம்பித்தொடரிலுள்ள அடுத்த கருவியின் வன்பொருள் முகவரியை முதலில் விசாரித்தறிதல் வேண்டியிருத்தலே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஒருமுறை அறிந்தபின் அது நினைவில் வைக்கப்படும். இதனைப் பழுதென்று கருதித் தடுமாறுதல் வேண்டா.

திரும்பிவரும் வரியில் மூன்று செய்திகள் உள்ளன: விடையளித்தவரின் முகவரி, சென்றுவரப் பிடித்த காலம், ஆயுள் எண். காலத்தைப் பற்றி முதலிற் சிந்திக்கலாம். கண்ணாடியிழையினுள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். வெற்றிடத்திற் செல்வதன் மூன்றிலிரண்டு பங்கு. எனவே ஆயிரங் கிலோமீற்றருக்குப் போக 5 மில்லிசெக்கனும் வர 5 மில்லிசெக்கனும் ஆகும். இக்கணக்கைக் குறைக்க எந்தப் பணத்தாலும் இயலாது. நியூயோர்க்கிலிருந்து இலண்டனுக்குப் புவிமேற்பரப்பில் மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 5,570 கிலோமீற்றர். ஆகவே இழைவழியே சென்றுவர 56 மில்லிசெக்கனுக்குக் குறையாது. பங்குச் சந்தை வணிகருக்கெனவே 2015ஆம் ஆண்டு அத்திலாந்திக்கின் அடியில் இடப்பட்ட 'ஹைபேர்னியா எக்ஸ்பிரஸ்' என்னும் வடம் அதனை 59 மில்லிசெக்கனுக்குள் கொண்டுவந்தது. மூன்று மில்லிசெக்கன் எஞ்சியதே அதன் பெருமை. புவியோடொத்துச் சுழலும் செய்மதியொன்றின் வழியே செல்லும் பொதியின் நிலை வேறு. அச்செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பது. வேண்டல் ஏறி இறங்கவும், விடை ஏறி இறங்கவும் அவ்வுயரத்தை நான்கு முறை கடத்தல் வேண்டும். ஒளியின் முழு வேகத்திற் சென்றாலும் ஏறத்தாழ 477 மில்லிசெக்கன் கழிந்துவிடும். இவ்வளவை அறிந்தவன், ஓர் இணைப்பு செய்மதிவழியதா அன்றா என்பதனைச் சேவை வழங்குநரைக் கேளாமலே ஓரளவு ஊகித்தறிவான்.

இக்காலத்தின் சராசரியைக் காட்டிலும் அதன் ஏற்றவிறக்கம் மிகுதியாக உணர்த்துவதுண்டு. எப்பொழுதும் 80 எனக் காட்டும் வழி நெடியது, ஆயினும் நலமுடையது. 20, 21, 340, 22, 510 என்று துள்ளும் வழியில் எங்கோ பொதிகள் வரிசையிற் காத்துக் கிடக்கின்றன. தொலைபேசி உரையாடலும் நேரடி வகுப்பும் குலைவது பின்னதிலேதான்.

ஆயுள் எண் வேறொரு நோக்கத்துக்காக ஏற்பட்டது. வழிப்படுத்தும் கருவிகளாகிய ரவுட்டர்கள் பிழையாக அமைக்கப்பட்டால் ஒரு பொதி இரண்டு கருவிகளுக்கிடையே முடிவின்றிச் சுழலக்கூடும். அதனைத் தடுக்க ஒவ்வொரு பொதியும் ஓர் எண்ணோடு புறப்படுகின்றது. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கின்றது. பூச்சியமாயின் பொதி அழிக்கப்பட்டு அனுப்பியவருக்குச் செய்தி போகின்றது. லினக்ஸ் இயங்குதளத்தில் இவ்வெண் 64இலும், வின்டோஸில் 128இலும், பல ரவுட்டர்களில் 255இலும் தொடங்குவது வழக்கம். ஆகவே விடையில் 52 என்று கண்டால், அது 64இற் புறப்பட்டுப் பன்னிரண்டு ரவுட்டர்களைக் கடந்து வந்ததென்று கொள்ளலாம். இது விடை வந்த வழியின் கணக்கே. வேண்டல் சென்ற வழி அதுவாகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதியில்லை. ஆயுள் எண்ணை வேண்டுமென்றே 1, 2, 3 எனச் சிறிதாக இட்டுப் பொதிகளை அனுப்பி, அவை இறந்த இடங்களிலிருந்து வரும் செய்திகளைத் தொகுத்து வழியின் படத்தை வரைவது வான் ஜேக்கப்சன் ஆக்கிய 'ரேஸ்ரவுட்' என்னும் நிரல். பிங் சோதனையை அறிந்தார்க்கு அதுவும் எளிதில் விளங்கும்.

பழுது தேடுவோர் இச்சோதனையைப் படிமுறையாகக் கையாளுதல் வேண்டும். முதலில் 127.0.0.1 என்னும் முகவரிக்கு அனுப்புக. அது கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும் முகவரி. பொதி கம்பியைத் தொடாது. விடை வாராவிடின் பழுது அக்கணினியின் மென்பொருளிலேயே உள்ளது. அடுத்து அறையிலுள்ள ரவுட்டரின் முகவரிக்கு அனுப்புக. அங்கிருந்து விடை வருமாயின் கம்பியும் இணைப்பியும் நலமே. அதன்பின் வெளியுலகத்திலுள்ள ஓர் எண்முகவரிக்கு அனுப்புக. கூகிள் நிறுவனம் 2009ஆம் ஆண்டு தொடங்கிய பெயர்ச்சேவையின் 8.8.8.8 என்னும் முகவரியை நினைவிலிருத்தல் எளிதாதலாற் பலரும் அதனையே நாடுவர். ஈற்றிற் பெயரொன்றைத் தட்டெழுதிச் சோதிக்க. எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வாராதாயின், வலையமைப்பு இயங்குகின்றது, பெயரை எண்ணாக மாற்றும் சேவையே பழுதுற்றது என்பது பெறப்படும். 'இணையம் இல்லை' என்று அறையிலுள்ளோர் அனைவரும் ஒரே குரலிற் கூறும் முறைப்பாடு பல வேளைகளில் இக்கடைசிப் படியில் வந்து நிற்பதைக் காணலாம். இடையிடையே விட்டுவிட்டு வரும் பழுதுக்கு இப்படிமுறை போதாது. மூஸ் தாமே விரும்பிப் பதிவுசெய்த கதையொன்று இதற்குப் பொருந்தும். ஒரு கட்டடத்திற் கம்பி எங்கோ தளர்ந்திருந்தது. அங்கிருந்த வலையமைப்புப் பொறுப்பாளர், ஒவ்வொரு விடை வரும்போதும் கணினி 'பிங்' என்று வாய்விட்டுச் சொல்லுமாறு அமைத்து, ஒலிபெருக்கியை உரக்க வைத்துவிட்டுக் கட்டடமெங்கும் நடந்து இணைப்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். ஓசை நின்ற இடத்தில் பழுது அகப்பட்டது.

இனி விடையின்மையை ஆராய வேண்டும். விடையின்மை இருவகைப்படும். இடையிலுள்ள ஒரு ரவுட்டர் 'சேருமிடத்தை அடைய இயலவில்லை' என்று அறிவிப்பது ஒன்று. எவரும் யாதும் கூறாது காலம் கடந்துபோவது மற்றொன்று. முன்னது செய்தி, அதனை விடுத்தவரின் முகவரியையும் நோக்கினால் பொதி எதுவரை சென்றது என்பது புலப்படும். இவ்வரியை ஊன்றிப் படியாதார் ஏமாறுவதுண்டு: வின்டோஸ் நிரல், இத்தகைய மறுப்பறிவித்தலையும் 'பெற்ற விடை' என எண்ணிக்கொண்டு, இழப்பு நூற்றுக்குப் பூச்சியம் என்று முடிவில் எழுதிவிடும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் எல்லாம் நலமென்று போய்விடுவார்.

பின்னதாகிய மௌனமோ பல பொருள்படும். கணினி அணைந்திருக்கலாம். கம்பி அறுந்திருக்கலாம். வேண்டல் சென்று சேர்ந்து, விடை மட்டும் வழியறியாது தொலைந்திருக்கலாம். அல்லது கணினி விழித்திருந்தே வாய்திறவாதிருக்கலாம். 2004ஆம் ஆண்டு வின்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கு வெளியான இரண்டாவது திருத்தத் தொகுப்பு முதலாக, அவ்வியங்குதளத்தின் தீச்சுவர் வெளியிலிருந்து வரும் எதிரொலி வேண்டலை இயல்பாகவே தடுத்துவிடுகின்றது. கணினிக் கூடத்தில் அடுத்த மேசைக் கணினிக்குச் சோதனை அனுப்பி விடைகாணாத மாணவன், கம்பியைக் கழற்றி மாட்டிப் பயனில்லை. அக்கணினி அதே வேளையில் வலைத்தளமொன்றைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

கணினிகள் இவ்வாறு வாய்மூடியமைக்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. 1996ஆம் ஆண்டின் இறுதியில் 'மரணப் பிங்' எனப் பெயர்பெற்ற தீங்கு வெளிப்பட்டது. ஓர் ஐ.பி. பொதியின் உச்ச அளவு 65,535 பைற்று. பெரிய பொதி துண்டுகளாகச் செல்லும்போது, ஒவ்வொரு துண்டும் தான் தொடங்கும் இடத்தைக் குறித்துச் செல்லும்; குறிக்கத்தக்க கடைசி இடம் 65,528. அங்கே தொடங்கும் துண்டு ஏழு பைற்றுக்கு மேற்படின், ஒன்றுசேர்த்த பொதி எல்லையைக் கடந்துவிடும். அவ்வாறு நேராதென்று நம்பி ஒதுக்கிய நினைவிடம் வழிந்து, பல இயங்குதளங்கள் நிலைகுலைந்தன. அடுத்துத் தோன்றியது 'ஸ்மேர்ஃப்' என்னும் தாக்குதல். ஒரு வலையமைப்பிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான முகவரிக்கு ஒரே வேண்டலை அனுப்பி, அனுப்புநர் முகவரியாகப் பிறனொருவனின் முகவரியைப் பொய்யாக இட்டால், எல்லாக் கணினிகளும் ஏககாலத்தில் அவனுக்கு விடை எழுதி அவனை மூழ்கடிக்கும். 1998ஆம் ஆண்டிற் பெரிதும் பேசப்பட்ட இத்தீங்கை ஒழிக்க, அத்தகைய பொதுமுகவரிப் பொதிகளை ரவுட்டர்கள் இயல்பாக முன்செலுத்தலாகாது என 1999ஆம் ஆண்டு விதி மாற்றப்பட்டது. 2003ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் பரவிய 'வெல்சியா' என்னும் புழுநிரல், தாக்குமுன் உயிருள்ள கணினிகளைக் கண்டறிய எதிரொலி வேண்டல்களை மழையாகப் பொழிந்தது. பொறுப்பாளர் பலர் எதிரொலிப் பொதிகளுக்குக் கதவடைத்தனர். வேண்டுபவரின் பக்கத்திலும் தீங்கு நேர்வதுண்டு. 2022ஆம் ஆண்டு, பிரீ-பி.எஸ்.டி. இயங்குதளத்தின் பிங் நிரலே, வஞ்சகமாக ஆக்கப்பட்ட விடையொன்றைப் படிக்கும்போது தன் நினைவிடத்தை மீறி எழுதும் குறையுடையது என்று கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது.

இவற்றைக் கண்டு அஞ்சி ஐ.சி.எம்.பி. செய்திகள் அனைத்தையும் ஒருங்கே தடுத்துவிடுவோர் உளர். அது நோய்க்கு அஞ்சி மூச்சை அடைத்தலை ஒக்கும். ஒரு கம்பியிற் செல்லத்தக்க பொதியின் அளவு பெரும்பாலும் 1500 பைற்று. வழியில் ஓரிடத்தில் அதனிலும் சிறிய வாயில் இருந்து, பொதியில் 'துண்டாக்கலாகாது' என்ற குறியும் இருந்தால், ரவுட்டர் அதனை எறிந்துவிட்டு, இன்ன அளவுக்குச் சுருக்குக என்று ஐ.சி.எம்.பி. வழியே அறிவிக்கும். அவ்வறிவித்தலையும் தீச்சுவர் விழுங்கிவிடின், அனுப்புபவர் காரணமறியாது அதே அளவிலேயே மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருப்பார். இதன் அறிகுறி விசித்திரமானது: சிறு செய்திகள் செல்லும்; தளத்தின் தலைப்புத் தோன்றும்; பெரிய கோப்பு மட்டும் பாதியில் உறைந்து நிற்கும். வழக்கமான பிங் சோதனை 84 பைற்றுப் பொதியை அனுப்பி எல்லாம் நலமென்று சொல்லும். துண்டாக்கலாகாது என்ற குறியோடு 1472 பைற்றுத் தரவை இட்டு அனுப்பினால்தான் உண்மை வெளிப்படும். 1472ஓடு எட்டும் இருபதும் சேர 1500 ஆகின்றதன்றோ. விடை வாராவிடின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, விடை வரும் எல்லையைக் கண்டுகொள்ளலாம். நிரலின் இந்தப் பயனைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நடைமுறையிலோ இதற்கு நிகரான உதவி வேறில்லை.

விடை வந்தவிடத்தும் அதன் எல்லையை மறத்தலாகாது. எதிரொலிக்கு விடையளிப்பது இயங்குதளத்தின் கருப்பகுதி. அதன்மேல் ஓடவேண்டிய வலைச்சேவையோ அஞ்சற்சேவையோ தரவுத்தளமோ வீழ்ந்துகிடப்பினும் கருப்பகுதி தளராது விடையளித்துக்கொண்டிருக்கும். வீட்டின் வாயிற்காவலன் குரல்கொடுத்தான் என்பதனால் உள்ளே அலுவலர் வேலை செய்கின்றார் என்று துணிதல் எவ்வாறு? ஆகையால் சேவையகமொன்றைக் கண்காணிப்போர் பிங் விடையை மட்டும் நம்பாது, அச்சேவையையே நேரிற் கேட்டுச் சோதித்தல் வேண்டும். மறுதலையாக, வழியிலுள்ள ரவுட்டர்கள் தமக்கே வரும் வேண்டல்களுக்குத் தாழ்ந்த முன்னுரிமை அளிப்பதுண்டு. பிறருடைய பொதிகளை விரைவாகக் கடத்திவிட்டுத் தமக்குரிய விடையைச் சோம்பி எழுதும் அவற்றின் காலத்தைக் கொண்டு, வழியே மந்தமென்று கூறுதல் தவறு.

ஐ.பி. நெறிமுறையின் ஆறாம் பதிப்பிலும் இச்சோதனை தொடர்கின்றது. அங்கே வேண்டலின் வகை எண் 128, விடையின் வகை எண் 129. ஆயின் நிலைமை முற்றிலும் ஒன்றன்று. ஒரே கம்பியிலுள்ள அயற்கணினியின் வன்பொருள் முகவரியை விசாரிக்கும் வேலையும் அங்கு ஐ.சி.எம்.பி.யின் புதிய பதிப்பிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது. எல்லாவற்றையும் தடுக்கும் பழைய வழக்கத்தை அங்கே பின்பற்றினால் வலையமைப்பே நின்றுவிடும். 2007ஆம் ஆண்டு வெளியான 4890ஆம் ஆவணம் எவற்றைத் தடுக்கலாம், எவற்றைத் தடுக்கலாகாது என்று வகுத்தபோது, எதிரொலி வேண்டலையும் விடையையும் தடுக்கலாகாத வகையிலேயே சேர்த்தது. அதற்கு அது காட்டும் காரணமும் கணக்கொன்றே: ஆறாம் பதிப்பில் ஒரு சிறு வலையமைப்புக்குரிய முகவரிகள் இரண்டின் அறுபத்துநான்காம் அடுக்கு. அத்தனை வாயில்களிலும் ஒவ்வொன்றாகத் தட்டி உயிருள்ள கணினியைத் தேடுவது, செக்கனுக்குப் பத்து இலட்சம் வேண்டல் அனுப்பினும், ஐந்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வேலை.